தொட்டபெட்டாவின் உயரம் 8 அடிமானத்தில் 5115: இது எண்ணின் பண்பா, எழுதும் முறையின் பண்பா?

கோத்தகிரி ஆசிரியை:
வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அடிமான மாற்றம் (பத்து பத்தாகத் தொகுத்து எழுதும் எண்ணை எட்டு எட்டாகவோ வேறு அளவிலோ தொகுத்து எழுதுவது) கற்பிக்கையில், அவர்களுக்குப் பழகிய எண்ணாக இருக்கட்டும் என்று தொட்டபெட்டாவின் உயரமான 2637 மீட்டரைக் கொடுத்தேன். அதை 8ஆல் தொடர்ந்து வகுத்தபோது மீதிகள் 5, 1, 1, 5 என வந்தன. மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும் என்பதை மறந்த மாணவர்களுக்கும் விடை சரியாகவே அமைந்துவிட்டது! 2637 என்பது 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் இந்த மாலைமாற்று அமைப்புக்கும் 9க்கும் தொடர்பு உண்டா?

குன்னூர் வாசகர்:
மாலைமாற்று அமைப்பு மலைக்கு உரியதன்று, அம்மா. அதே உயரத்தை 8652 அடி என்று கொண்டால் 8 அடிமானத்தில் 20714 கிடைக்கிறது. 2637ஐயே 7 அடிமானத்தில் எழுதினால் 10455 ஆகிவிடும். ஆனால் அது ஒற்றைப்படை எண் என்பது எந்த அடிமானத்திலும் மாறாது. அதைக் கண்டறியும் வழிதான் மாறும். 7 போன்ற ஒற்றைப்படை அடிமானத்தில் இறுதி இலக்கத்தை நம்பக்கூடாது. 12ஐ அங்கே 15 என்றுதான் எழுதுவோம். இலக்கங்களின் கூடுதலான 6 இரட்டைப்படை என்பதால் எண்ணும் இரட்டைப்படை.

உதகை கணித ஆர்வலர்:
தொடர்பு நிச்சயம் உண்டு. 5115இல் முதலும் கடைசியுமான இரண்டு 5களைச் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் மதிப்பு 5 × (512 + 1), அதாவது 5 × 513; நடுவிலுள்ள இரண்டு 1களின் மதிப்பு 64 + 8 = 72. 513, 72 இரண்டுமே 9இன் மடங்குகள். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும் மாலைமாற்று எண்ணில், எதிரெதிரே நிற்கும் இரு இடங்களின் அடுக்குகள் எப்போதும் ஒற்றைப்படை அளவில் வேறுபடுவதால், அந்த எண் அடிமானத்தைவிட ஒன்று கூடுதலான எண்ணால் கட்டாயம் வகுபடும். பதின்மத்தில் 2772 போன்றவை 11ஆல் வகுபடுவதும் இதனால்தான். மூன்று இலக்கங்கள் என்றால் இந்த உறுதி இல்லை: 8 அடிமானத்தில் 171 என்பது 121, அது 9ஆல் வகுபடாது.

கோத்தகிரி ஆசிரியை:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் எந்த அடிமானத்திலும் மாலைமாற்றாக அமையாத எண் உண்டா?

உதகை கணித ஆர்வலர்:
மிகக் கண்டிப்பாகக் கேட்டால் இல்லை. 2ஐவிடப் பெரிய எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று குறைந்த அடிமானத்தில் 11 ஆகிவிடும். அந்தச் சலுகையை நீக்கி, அதற்கும் கீழான அடிமானங்களை மட்டும் கொண்டால், சில எண்கள் எதற்கும் பிடிகொடுப்பதில்லை. 6, 11, 19, 47, 53 ஆகியவை அத்தகையவை. 6ஐத் தாண்டிய பின் அவை அனைத்தும் பகா எண்களே.

வேடிக்கை என்னவென்றால், 2637 = 9 × 293; அந்த 293உம் இந்த வகையைச் சேர்ந்ததே. 18 முதல் 292 வரையிலான அடிமானங்களில் அது இரண்டே இலக்கங்களைக் கொண்டிருக்கும். இரண்டும் ஒரே இலக்கமானால், அந்த இலக்கத்தை அடிமானத்தைவிட ஒன்று கூடுதலான எண்ணால் பெருக்கினால் 293 வர வேண்டும். பகா எண்ணுக்கு அது 292 அடிமானத்தில் மட்டுமே நடக்கும். 2 முதல் 17 வரையிலானவற்றை மட்டும் கையால் சரிபார்த்தால் போதும். அதை மாணவர்களிடமே கொடுத்துவிடலாம். மீதிகளை எழுதும் வரிசையும் இம்முறை வெளிப்பட்டுவிடும்.