நாக்கின் ஓரத்தில் வெண்படலம்: இரண்டு வாரம் காத்திருக்கலாமா?

கரையோரன்:
வணக்கம். சென்ற வாரம் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளச் சென்றிருந்தேன். வேலையைத் தொடங்கும் முன் பல் மருத்துவர் என் நாக்கைக் காஸ் துணியால் பிடித்து வெளியே இழுத்து, இரண்டு ஓரங்களையும் விளக்கொளியில் பார்த்தார். இடது ஓரத்தில், உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிற இடத்தில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெண்படலம் இருக்கிறதாம். துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பல்லின் கூர்மையைத் தேய்த்து மழுக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார்; அப்போதும் படலம் இருந்தால் சிறிது சதையெடுத்துப் பயாப்சிக்கு அனுப்பவேண்டும் என்றார். எனக்கு அங்கே வலியே இல்லை. 12 ஆண்டுகள் புகைத்துவிட்டு, 3 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவன் நான். புற்றுநோய் என்ற ஐயம் இருக்கும்போது இரண்டு வாரத்தைக் கடத்துவது சரியா? கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் அஞ்சுகிறார்களே, அதில் உண்மை உண்டா?

வாய்மருத்துவன்:
நான் வாய்நோய்களைப் பார்க்கும் பல் மருத்துவர். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இருப்பது இன்னதென்று சொல்லமாட்டேன்; ஆனால் உங்கள் மருத்துவர் செய்தது முறையான செயல் என்று சொல்லமுடியும். பல் உரசி உண்டான புண்ணாகவோ தடிப்பாகவோ இருந்தால், உரசல் நின்றபின் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஆறிவிடும் அல்லது கண்கூடாகக் குறையும். காரணத்தை நீக்கிய பிறகும் அப்படியே நிற்கிற எதையும் பயாப்சி இல்லாமல் விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கெடு. அவ்வளவு நாளில் நோயின் நிலை மாறிவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆபத்து எங்கே என்றால், வலிதான் இல்லையே என்று அந்த இரண்டு வாரத்தை ஆறு மாதமாக நீட்டிவிடுவதில். தொடக்கநிலை வாய்ப்புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

நாக்கின் பக்கவாட்டு ஓரமும் நாக்குக்கு அடியில் உள்ள தளமும் புற்று அதிகம் தோன்றும் இடங்கள். கண்ணாடி முன் வாயைத் திறந்து நின்றால் இரண்டுமே எளிதில் தெரியா. துணியால் நாக்கை இழுப்பது அதற்காகத்தான். வெண்படலங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. வெல்வெட் போன்ற செம்படலமோ, வெண்மையும் செம்மையும் கலந்த திட்டோ தெரிந்தால் நான் இரண்டு வாரமும் காத்திருக்கமாட்டேன். அவற்றில் பலவற்றில் பயாப்சி எடுக்கும்போதே கடுமையான செல் மாற்றமோ புற்றோ தென்படுகிறது. தொட்டால் கெட்டியாக இருப்பது, கழுத்தில் நெறி கட்டியிருப்பது, காரணமில்லாமல் உதடு மரத்துப்போவது ஆகியவை இருந்தாலும் காத்திருக்கமாட்டேன்.

பயாப்சியால் புற்று பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீலச் சாயம் தடவிப் பார்ப்பது, ஒளிரும் விளக்கில் பார்ப்பது போன்றவை எங்கே சதையெடுக்கலாம் என்று காட்ட உதவும். சாதாரண அழற்சியும் அவற்றில் புற்றுபோலத் தோன்றும் என்பதால், அவற்றைக் கொண்டு முடிவு சொல்லமுடியாது.

ஐயம்தான்:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஆண்டுதோறும் வாய்ப்புற்றுப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்டிவிடவேண்டாம். இதற்கென்று நடந்த பெரிய ஆய்வு, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கியது. அதன் முடிவு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்த குழுவில் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது. மொத்த மக்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் குறைவு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் அறிகுறி எதுவும் இல்லாத எல்லோரையும் தேடித்தேடிச் சோதிப்பது வேறு, பல் பார்க்க வந்தவரின் வாயை மருத்துவர் இரண்டு மூன்று நிமிடம் முழுதாகப் பார்ப்பது வேறு. கேள்வி கேட்டவருக்கு இந்த விவாதமே பொருந்தாது. அவருக்குப் படலம் கண்ணில் பட்டுவிட்டது, இனி அது நோயறியும் வேலை.

மாடிவீடு:
எனக்கும் இதே இடத்தில்தான் வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் சென்ற ஒரு மருத்துவர் சொத்தையை அடைத்து அனுப்புவாரே தவிர, ஒருநாளும் நாக்கைத் தூக்கச் சொன்னதில்லை. பயாப்சியை எண்ணி நான் பயந்ததில் பாதிகூட அங்கே இல்லை: மரத்துப்போக ஓர் ஊசி, பயறளவு சதை, இரண்டு தையல். ஊசி மருந்தின் வேகம் குறைந்தபின் நான்கைந்து நாள் பேசும்போது தையல் பல்லில் இடறியதுதான் தொல்லை. புற்று இல்லை, செல்களில் இலேசான மாற்றம் மட்டுமே என்று அறிக்கை வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, அளவைக் குறித்து, படமும் எடுத்து வைக்கிறார்கள். நீங்களும் முதல்நாள் அளவை எழுதிவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் குறைந்ததா வளர்ந்ததா என்பது நினைவை நம்பிய பேச்சாகிவிடும்.

கரையோரன்:
அனைவருக்கும் நன்றி. நேற்று சென்று வந்தேன். முதல்நாள் 6 மில்லிமீட்டர் என்றே குறித்திருந்தார்கள். நேற்றும் அதே அளவுதான். கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கின் அடித்தளம், கழுத்து என எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே சதையெடுத்தார். இரண்டு தையல் போட்டிருக்கிறது. அறிக்கை வர ஒரு வாரம் ஆகுமாம், வந்ததும் எழுதுகிறேன்.