பைல் (அடித்தளத்துக்காக நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) நடுவில் குறுகியிருக்கிறது, காரணம் என்ன?

கேள்வி: 450 மி.மீ. விட்டம், 12 மீட்டர் ஆழம், துளையிட்டு வார்த்த பைல். நிலத்தடி நீர் 2 மீட்டரிலேயே இருக்கிறது. இன்டெக்ரிட்டி டெஸ்டில் (பைலில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) 5 மீட்டர் ஆழத்தில் குறுக்கம் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: ட்ரெமி குழாயை (குழியின் அடிவரை கான்கிரீட்டை இறக்கும் குழாய்) அவசரப்பட்டுத் தூக்கியிருக்கலாம். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் 2 மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். வெளியே வந்தால் சேறு புகுந்துவிடும். ஒவ்வொரு லோடு கொட்டியதும் எடை கட்டிய நாடாவை இறக்கி மட்டம் பாருங்கள். ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 150 மி.மீ.க்குக் குறைந்தால் கான்கிரீட் கம்பிக்கூட்டிலேயே சிக்கி நிற்கும்.

பதில்: கொட்டிய கான்கிரீட்டின் அளவைப் பார்த்தீர்களா சார்? கணக்குப்படி 1.91 கன மீட்டர். அதற்கும் குறைவாகப் போயிருந்தால் குழியின் பக்கம் சரிந்திருக்கிறது. பென்டோனைட் (குழி சரியாமல் தாங்கும் களிமண் கரைசல்) மட்டம் நிலத்தடி நீருக்கு 1 மீட்டராவது மேலே நின்றதா?

பதில்: டிசைனரைக் கேட்காமல் பைல் கேப் (பைலின் தலைமேல் வரும் கான்கிரீட் மூடி) போட்டுவிடாதீர்கள். சுமை ஏற்றிப் பார்க்கும் லோடு டெஸ்டா, பக்கத்தில் இன்னொரு பைலா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.