16 த்ரெட்டைத் தாண்டினால் வேகம் குறைகிறது: கர்னல் லாக் நெரிசல் குறித்து உதவி தேவை

ராயபுரம்_ரயிலடி: வணக்கம். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளைப் படமெடுத்து, பெட்டி எண்ணைப் படிக்கும் நிரலைப் பராமரிக்கிறேன். 64 கோர் சர்வரில் 16 த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணியிழை) வரை வேகம் ஏறுகிறது. 48 வைத்தால் இறங்கிவிடுகிறது, சிபியூ நேரத்தில் பெரும்பகுதி கர்னலுக்கே (இயங்குதளத்தின் மையப்பகுதி) போகிறது. இரவில் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டும்போது படங்கள் தேங்கிவிடுகின்றன. லாக் நெரிசலை, அதாவது ஒரே பூட்டுக்காகப் பல த்ரெட்டுகள் காத்துக் கிடப்பதை, எப்படிக் குறைப்பது? அவசரம்.

வியாசர்பாடி_சி: எந்தக் கர்னல், எந்த மொழி, லாக் நெரிசல் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியின் பதிவு இருந்தால் இடுங்கள்.

மணலி_சாலை: பெரும்பக்க வசதிதான் (நினைவகத்தை 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கங்களாகத் தருவது) காரணம். பக்கங்களை ஒன்றுசேர்க்கும் கர்னல் த்ரெட் நிரலின் நினைவக லாக்கைப் பிடிக்கும், அதை அணைத்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் தீர்ந்தது.

பழைய_கர்னல்: ஒரு ப்ராசஸின் (ஓடும் நிரலின்) எல்லா த்ரெட்டுகளும் ஒரே முகவரி வெளியை, அதாவது ஒரே நினைவக வரைபடத்தை, பங்கிடுகின்றன என்ற பாலபாடம் தெரியாமல் 48 த்ரெட் ஓட்டுபவர்கள் இங்கே அடிக்கடி வருகிறார்கள். முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

ராயபுரம்_ரயிலடி: மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். உபுண்டு 22.04, கர்னல் 5.15, சி++. பெர்ஃபில் எம்அன்மேப் (நினைவகத்தைக் கர்னலிடம் திருப்பித் தரும் அழைப்பு) வழியாக வரும் எழுத்து லாக் காத்திருப்பு முதலிடத்திலும், பேஜ் ஃபால்ட் (ஒதுக்கிய பக்கத்தை முதன்முறை தொடும்போது கர்னல் குறுக்கிட்டு நினைவகம் தருவது) வழியாக வரும் வாசிப்பு லாக் காத்திருப்பு அடுத்தும் உள்ளன.

எண்ணூர்க்_கழிமுகம்: அப்படியானால் அது எம்மேப் லாக்தான், ப்ராசஸின் நினைவக வரைபடத்தைக் காக்கும் பூட்டு. பேஜ் ஃபால்ட் அதை வாசிப்புக்காகவும், எம்மேப் (நினைவகம் வாங்குவது), எம்அன்மேப், எம்ப்ரொடெக்ட் (அதன் அனுமதியை மாற்றுவது) ஆகியவை எழுதுவதற்காகவும் கேட்கும். எழுத வரும் த்ரெட்டுகள் உறங்குவதற்கு முன் சற்று நேரம் சுழன்று பார்ப்பதால்தான் வேலை நடக்காமலேயே சிபியூ நிரம்பித் தெரிகிறது. 2023-இல் வந்த 6.4 கர்னலில் சுரேன் பாக்தசார்யன் கொண்டுவந்த மாற்றத்தின்படி, ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனி லாக் உண்டு; பெரும்பாலான பேஜ் ஃபால்ட்டுகள் பொது லாக்கைத் தொடாமலே முடிந்துவிடும். 22.04-க்கே 6.8 கர்னல் கிடைக்கிறது, ஏற்றிவிடுங்கள்.

வியாசர்பாடி_சி: அண்ணா சொல்வது சரி, ஆனால் 6.8-இலும் எம்அன்மேப் எழுத்து லாக்கைக் கேட்கத்தான் செய்யும். இவருடைய முதல் வலி அங்கேதான் இருக்கிறது. படத்தின் அளவு என்ன, பஃபரை (படத்தை வைக்கும் நினைவகத் துண்டை) எப்படி ஒதுக்குகிறீர்கள்?

ராயபுரம்_ரயிலடி: 4000 × 3000, மூன்று நிறம். படத்துக்கு ஒரு பஃபர் ஒதுக்கி, முடிந்ததும் விடுவிக்கிறேன்.

வியாசர்பாடி_சி: கிடைத்துவிட்டது. அது 3,60,00,000 பைட். ஜிலிப்சி நூலகத்தின் மேலாக் (நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு) இயல்பாக 128 கேபிக்கு மேற்பட்ட கேட்புகளை எம்மேப் மூலம் வாங்கும். விடுவிப்பைப் பார்த்து அந்த வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளும், ஆனால் 64 பிட்டில் அந்த உயர்வு 32 எம்பியோடு, அதாவது 3,35,54,432 பைட்டோடு நின்றுவிடும். உங்கள் பஃபர் அதைச் சற்றே தாண்டுவதால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எம்மேப், 4 கேபி பக்கக் கணக்கில் ஏறத்தாழ 8,790 பேஜ் ஃபால்ட், ஒரு எம்அன்மேப், அதோடு மற்றக் கோர்களின் டிஎல்பியை (முகவரி மாற்றங்களின் தற்காலிகச் சேமிப்பை) துடைக்கச் சொல்லும் குறுக்கீடு என்று செலவாகிறது. த்ரெட்டுக்கு ஒரு பஃபரைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். 48 த்ரெட்டுக்கும் சேர்த்து சுமார் 1.7 ஜிபிதான் ஆகும்.

மணலி_சாலை: பெரும்பக்கத்தை அணைத்தீர்களா என்று இன்னும் சொல்லவில்லையே?

எண்ணூர்க்_கழிமுகம்: உபுண்டுவின் இயல்பமைப்பில் நிரல் கேட்டால் மட்டுமே அது செயல்படும். உண்மையில் இவர் கேட்டு வாங்கினால் 2 எம்பி பக்கங்களால் ஃபால்ட்டுகள் வெகுவாகக் குறையும். அணைப்பது தலைகீழான வைத்தியம்.

பழைய_கர்னல்: இவ்வளவும் எதற்கு? த்ரெட்டுகளை விட்டுவிட்டு 48 ப்ராசஸாகப் பிரித்தால் ஆளுக்கொரு லாக், பேச்சு முடிந்தது.

வியாசர்பாடி_சி: முடியாது ஐயா. எம்மேப் லாக் பிரியும், ஆனால் பக்கங்களை வழங்கும் சோன் லாக் எல்லாருக்கும் பொது; ஒவ்வொரு பக்கத்தையும் பூஜ்யமாக்கும் வேலையும் குறையாது. படத்துக்குப் படம் நினைவகத்தை வாங்கித் திருப்பித் தரும் பழக்கம் அப்படியே இருக்கும். மேலும், உதவி கேட்டு வந்தவரைப் பாலபாடம் படிக்க அனுப்புவது இங்கே அழகல்ல.

பழைய_கர்னல்: ஒவ்வொரு சிபியூவுக்கும் தனிப் பக்கப்பட்டியல் இருக்கும்போது சோன் லாக் அவ்வளவு எளிதில் நெரியாது.

வியாசர்பாடி_சி: ஒரே மூச்சில் எட்டாயிரம் பக்கம் கேட்டால் அந்தப் பட்டியல் திரும்பத் திரும்ப வற்றும், ஒவ்வொரு முறை நிரப்பவும் சோன் லாக் தேவை.

ராயபுரம்_ரயிலடி: த்ரெட்டுக்கு ஒரு பஃபர் என்று மாற்றி நேற்றிரவு ஓட்டினேன். பெர்ஃபில் எம்அன்மேப் கண்ணில் படவில்லை, 48 த்ரெட்டிலும் தேக்கம் இல்லை. கர்னல் இன்னும் 5.15தான். மிக்க நன்றி.