மறு: மறு: தரவைத் தேர்வதா, தெரிவதா, கொழிப்பதா?

கலைச்சொல் மடற்குழுவுக்கு வணக்கம். திங்கட்கிழமை வகுப்பு. மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்க்க ஒரு நரம்பியல் வலைப்பின்னலை (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரலை) பழக்க வேண்டும். கையில் இருப்பதோ செய்தி, சினிமா, சமையல் எல்லாம் கலந்த பொதுக் குவியல். அதிலிருந்து மருத்துவத்துக்கு நெருக்கமான வாக்கியங்களை மட்டும் எடுப்பதற்கு ஒரு சொல் வேண்டும். போன வாரம் பலகையில் ‘பயிற்சித் தேர்வு’ என்று எழுதினேன். “எந்த சப்ஜெக்டுக்கு சார்?” என்று கேட்டுவிட்டான் ஒருவன்.

* * *

அதனால்தான் தம்பி, யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘தெரிவு’ என்கிறோம். எங்களுக்குப் பரீட்சை வேறு, தெரிவு வேறு. ‘துறைசார் தரவுத் தெரிவு’ என்று வையுங்கள்.

* * *

துறை என்றால் வண்ணான் துறையும்தான் அம்மா. ‘திணை’ இருக்கும்போது ஏன் துறைக்கு இறங்க வேண்டும்? இந்தப் பொதுக் குவியலே திணைமயக்கம். ‘திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே’ என்று தொல்காப்பியர் அதற்கும் இடம் விட்டிருக்கிறார். அப்புறம், தரவு என்பது கலிப்பாவின் முதல் உறுப்பு. உங்கள் கணினியில் தாழிசை எங்கே, சுரிதகம் எங்கே? தெரிவும் வேண்டாம். முறத்திலிட்டு நொய்யைப் பிரிக்கிறோமே, ‘கொழிப்பு’, அது போதும்.

* * *

> நொய்யைப் பிரிக்கிறோமே

ஐயா, இடிப்பது அங்கேதான். மூர், லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் சொன்ன வழியில், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழி மாதிரிகளிடம், அதாவது அடுத்த சொல் எதுவென்று ஊகிக்கும் நிரல்களிடம், காட்டுகிறோம். ஒன்று மருத்துவ உரையில் பழகியது, மற்றது பொது உரையில். அந்த வாக்கியம் ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்வளவு அந்நியம் என்பதைக் குறுக்கு எண்ட்ரோப்பியாக அளந்து, மருத்துவ அளவிலிருந்து பொது அளவைக் கழிக்கிறோம். விடை சிறியதாக வந்தவை உள்ளே. கழிக்காவிட்டால், எங்கும் புழங்கும் சாதாரண வாக்கியங்களெல்லாம் மருத்துவம் என்று நுழைந்துவிடும். ‘கட்டியை அகற்றினர்’ உள்ளே, ‘வெல்லக் கட்டியைப் பொடித்து’ வெளியே. ஆனால் வெல்லக் கட்டி நொய் அல்ல, சமையலுக்கு அதுதான் மணியரிசி. கொழித்தால் மட்டமானது போகும். இங்கே போவது பொருந்தாதது. தவிர, ‘தரவுக் கொழிப்பு’ என்றால் செல்வம் கொழிப்பதுபோலத் தரவு பெருகுகிறது என்றுதான் படிப்பார்கள்.

* * *

நொய்யும் கஞ்சிக்கு ஆகும், தம்பி.

* * *

‘பொறுக்கு’ என்று வைக்கலாமா?

* * *

அந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள், ‘தரவுப் பொறுக்கி’யா?

* * *

மன்னிக்கவும், ஞாயிறு இரவு பதினொன்று ஆகிவிட்டது. ‘துறைசார் தரவுத் தெரிவு’ என்றே நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். நாலு பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல.

* * *

நான் தூங்கவில்லை. தெரிவு இருந்துவிட்டுப் போகட்டும். திணையை விடவில்லை. தரவு பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.