டைப் 1 சர்க்கரை நோய்: தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை சரி, ஆனால் அளவு பெரிது. ஆஸ்பிரின் போடலாமா?

மதுரைக்காரன்:
வயது 31. ஒன்பது வயதிலிருந்து டைப் 1. போன வாரப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணு 2.6 லட்சம். அதற்குக் கீழே எம்பிவி (தட்டணுவின் சராசரி அளவு) 12.4, தடித்த எழுத்தில் 'அதிகம்'. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4. "சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் தட்டணு சட்டென்று ஒட்டிக்கொள்ளும்" என்றார் டாக்டர். மேலே கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு டைப் 2. மாரடைப்புக்குப் பிறகு, தட்டணு ஒட்டாமல் இருக்கத் தினமும் ஆஸ்பிரின் 75 போடுகிறார். இதைக் கேட்டதிலிருந்து அம்மா ராத்திரி என் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு மாத்திரை வைக்கிறார். நேற்று வைத்தது இன்னும் மேசையிலேயே இருக்கிறது. போடவா?

ஊதாமூடி:
பதினோரு வருடமாக லேபில் இருக்கிறேன். ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எப்போது மெஷினில் ஓட்டினார்கள் என்று பாருங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இடிடிஏவில் நேரம் ஆக ஆகத் தட்டணு உப்பிவிடும், எம்பிவி கூடுதலாகக் காட்டும். ஒரு எம்பிவியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் டாக்டர் சொன்னது உண்மைதான். எண்ணிக்கை வேறு, செயல்பாடு வேறு. சர்க்கரை ஏறியே இருந்தால் தட்டணுவின் மேலுள்ள புரதங்களில் அது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சின்னத் தூண்டலுக்கே அணுக்கள் ஒன்றோடொன்று சேர ஆரம்பிக்கும். அதை அளக்கும் சோதனை தனி, சாதாரண ரத்தப் பரிசோதனையில் வராது.

இன்சுலின் 28 வருடம்:
தம்பி, எனக்கும் டைப் 1. ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின் போடுகிறேன். அடைப்பு வந்தவனுக்கு அது அவசியம், உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். வராதவர்களுக்குக் கணக்கு வேறு. 2018இல் வெளிவந்த அசென்ட் ஆய்வில், இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளைச் சுமார் ஏழு வருடம் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஆஸ்பிரின் போடாதவர்களில் 9.6 சதவீதம், போட்டவர்களில் 8.5. பெரிய ரத்தக்கசிவோ 3.2இலிருந்து 4.1 ஆகக் கூடியது. அவர்களில் பெரும்பாலோர் டைப் 2, உங்களைவிட மிகவும் மூத்தவர்கள். 31 வயதில் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

அந்த 8.4ஐத்தான் இறக்க வேண்டும். டைப் 1 உள்ளவர்களை மட்டும் வைத்து நடந்த டிசிசிடி ஆய்வில், ஆரம்பத்திலேயே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் 42 சதவீதம் குறைந்தது. அதற்காகச் சர்க்கரை ரொம்பக் குறைந்து லோ ஆகும் அளவுக்கு இன்சுலின் ஊசியைக் கூட்டிவிடாதீர்கள். லோ ஆகும்போது சுரக்கும் அட்ரினலினும் தட்டணுவைத் தூண்டும். அதிகாலை 3 மணிக்குச் சர்க்கரை 48 காட்டி, சட்டை நனைய உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் மறுபடி பேசுங்கள்.

மதுரைக்காரன்:
ரிப்போர்ட்டைப் பார்த்தேன் அக்கா. ரத்தம் எடுத்தது காலை 6:40, மெஷினில் ஓட்டியது மாலை 4:10. சரி, அடுத்த முறை லேபுக்கே போய்க் கொடுக்கிறேன். அண்ணா, அல்புமின் இதுவரை பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாத்திரையை எடுத்து அப்பாவின் டப்பாவிலேயே போட்டுவிட்டார்.