தரகரை வடிகட்டித் தேடும் மென்பொருள்: திருகோணமலைக்கு உதவுமா?

மடத்தடிச் சந்தி:
உவர்மலைப் பக்கம் ஒரு 12 பேர்ச் காணி தேடுகிறோம். காணித் தரகர்களைத் தேடித் தரும் ஒரு மென்பொருளைப் பார்த்தேன். எந்த ஊர், வாங்கவா வாடகைக்கா, தரகருக்கு என்ன மொழி தெரியும், எத்தனை வருட அனுபவம், தரகுப்பணம் யாரிடம் வாங்குகிறார், முன்பு போனவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு பெட்டியாகக் குறித்தால் பட்டியல் சுருங்கி வருகிறது. இதுவரை தேநீர்க்கடையில் யாராவது கைகாட்டிய ஆளோடுதான் போய்க்கொண்டிருந்தோம். இதைச் சொன்னால் ஊரில் பெரியவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

பழைய நொத்தாரிசு:
தம்பி, முகம் சுளிப்பவர்களில் நானும் ஒருவன். நீங்கள் ஆளை வடிகட்டுகிறீர்கள்; காணியை வடிகட்டவில்லை. இந்த நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொட்டு, காணிப் பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது. காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்தையாவது, காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று, புரட்டிப் பார்த்த பிறகுதான் நாங்கள் பேனாவைத் தொடுவோம். நம் மாவட்டத்தில் பெமிற் காணிகள் நிறைய உள்ளன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை அவை. உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதிக் கைமாறும் தனியார் உறுதிக் காணியைப்போல நினைத்தபடி விற்க முடியாது. ஐந்து நட்சத்திரத் தரகர் ஒருவர் அப்படியான காணியைக் காட்டி, வெள்ளைத்தாளில் எழுதி முற்பணம் வாங்கினால் உங்கள் பெட்டிகளில் எது எச்சரிக்கும்? உறுதிக் காணியா, பெமிற் காணியா என்று பிரிக்க ஒரு பெட்டி அதில் உண்டா?

தூரதேசத்து மகள்:
ஐயா, உங்களிடம் வந்து சேர்வதற்கு முன் நாங்கள் கடக்கும் வாசலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நான் இருப்பது கனடாவில். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். அவர் விலை கேட்டால் "வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லையா?" என்று திருப்பிக் கேட்ட தரகர்களைக் கண்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறாரா என்பதைச் சொல்லவைக்கும் ஒரு பெட்டி இருப்பதே எனக்குப் பெரிய காரியம். பேசியதெல்லாம் எழுத்தில் நிற்கிறது என்பது அடுத்த காரியம். உரித்து பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள். மென்பொருள் அதையும் செய்துவிடும் என்று யார் சொன்னது?

நிலாவெளித் தரகர்:
எங்களைப் பற்றி எங்களை வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள், நல்லது. அந்தப் பட்டியலில் நிலாவெளி என்று தட்டிப் பாருங்கள். மேலே வருகிறவர்களில் பாதிப்பேர் கொழும்பில் கதிரையில் இருந்துகொண்டு எல்லா ஊரையும் குறித்துவைத்தவர்கள். "விரைவாகப் பதில் தருபவர்" என்று அவர்களுக்குப் பச்சை அடையாளம் வேறு. நான் வெயிலில் நில அளவையாளரோடு எல்லைக்கல் தேடிக்கொண்டிருந்தால் தொலைபேசியை எப்படி எடுப்பது? கடலிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டிடம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன். அதற்கு எந்த நட்சத்திரம்?

கணினிப்பிள்ளை:
நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்தக் கருவியில் கைவைக்க வேண்டிய இடம் தூரக் கணக்கு. நகரத்தை நடுவில் வைத்து 20 கிலோமீற்றர் வட்டம் போட்டால் மூதூரும் உள்ளே விழுகிறது. வட்டத்துக்குக் கொட்டியாரக்குடா தெரியாது. தரைவழியில் போகிறவர் கிண்ணியாப் பாலம் ஏறி, குடாவைச் சுற்றித்தான் மூதூர் போக வேண்டும். ஆகவே வட்டத்தை விட்டுவிட்டுப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாகப் பிரித்தாலே பாதிக் குப்பை போய்விடும்.

நட்சத்திரக் கதை இன்னும் மோசம். மூன்று பேர் ஐந்து கொடுத்தவர் மேலே நிற்கிறார். அறுபது பேரிடம் 4.6 வாங்கியவர் கீழே. மூன்று பேர் மைத்துனர்களாகவும் இருக்கலாம். எல்லாத் தரகரின் பொதுச் சராசரி 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த 4 நட்சத்திரத்தில் பத்து மதிப்பீடுகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிட்டால் முதலாமவர் 4.23க்கு இறங்குவார், மற்றவர் 4.51இல் நிற்பார். கடினமான வேலையல்ல. பணம் கட்டியவரை மேலே தூக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டும் இதைச் செய்ய மனம் வராது.

மடத்தடிச் சந்தி:
அப்படியென்றால் திருத்தலாம் என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

பழைய நொத்தாரிசு:
கணக்கைத் திருத்தலாம். "20 வருட அனுபவம்" என்று அவரவரே எழுதிக்கொள்வதை எப்படித் திருத்துவது? இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுக்கு உட்பட்ட வீட்டுத் திட்டங்களை விற்றுக்கொடுக்கும் முகவர் தாமும் பதிவுசெய்து இலக்கம் பெற வேண்டும். அங்கே ஒரு கருவி அந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீங்கள் சொல்லும் கருவி எதனோடு ஒப்பிடுகிறது?

தூரதேசத்து மகள்:
சரி ஐயா, கள்ள உறுதி எழுதவும் ஒரு நொத்தாரிசின் கையொப்பமும் முத்திரையும் தேவைதானே. வெளிநாட்டில் இருப்பவரின் காணியைப் பொய் அற்றோணித் தத்துவத்தை (அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தை) வைத்து விற்ற கதைகள் நீங்கள் கேள்விப்படாதவையா? தரகருக்கு மட்டும் ஏன் வடிகட்டி? நொத்தாரிசுமாருக்கும் ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

பழைய நொத்தாரிசு:
சுடுகிறது, ஆனாலும் கேள்வி நியாயமானது. வித்தியாசத்தையும் கேளுங்கள், மகள். நொத்தாரிசு ஒரு மாதம் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். பிழை செய்தால் தொழில் போகும். தரகர் எந்த மாதம், யாரிடம் கணக்குக் கொடுக்கிறார்?

நிலாவெளித் தரகர்:
ஐயா, கணக்குக் கொடுக்க நான் ஆயத்தம். உரித்தைத் தேடிப் பார்க்க உதவும் காணிப் பதிவேட்டு இலக்கத்தை முதல் சந்திப்பிலேயே கொடுக்கச் சொல்வீர்கள், அதுதானே? கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்குகிறவர் இலக்கத்தை வைத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து நேரே போய்விடுவார். வெயிலில் நின்றவன் வெறுங்கையோடு திரும்புவான். நாங்கள் ஒளிப்பதற்குக் காரணம் இதுதான். எல்லாரும் கள்வர் அல்லர்.

கணினிப்பிள்ளை:
அப்படியானால் தரகுப்பண உடன்பாட்டில் முதலில் கையெழுத்து, பிறகு இலக்கம். "இலக்கம் தருபவர்" என்று ஒரு பெட்டி. நட்சத்திரத்தை விட அதைக் குறித்துத்தான் நான் தேடுவேன்.

மடத்தடிச் சந்தி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. மென்பொருள்காரர்களுக்கு இன்றே எழுதுகிறேன். பிரதேச செயலகப் பிரிவையும் சேர்த்துக் கேட்கிறேன். உறுதிக் காணி, பெமிற் காணிப் பெட்டியையும் விடமாட்டேன், ஐயா.

நிலாவெளித் தரகர்:
எழுதுங்கள் தம்பி. கையெழுத்து வைத்த பிறகும் பின்வாசலால் சொந்தக்காரரிடம் போகிற வாடிக்கையாளரை வடிகட்ட எங்களுக்கும் ஒரு பெட்டி கேளுங்கள்.