முதல் கார்: 1997 அல்ஃபா ரோமியோ ஜிடிவி வாங்கலாமா? கொழும்பில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை இளையவன்

எல்லோருக்கும் வணக்கம். என் பெயரில் வாங்கப்போகும் முதல் வாகனம் இது. தெஹிவளையில் ஒருவரிடம் 1997ஆம் ஆண்டு அல்ஃபா ரோமியோ ஜிடிவி விற்பனைக்கு நிற்கிறது. 2.0 ட்வின் ஸ்பார்க் எஞ்சின், ஐந்து கியர், வலப்பக்க ஸ்டீயரிங், சிவப்பு நிறம். மீற்றர் 118,000 கிலோமீற்றர் காட்டுகிறது. முன் சக்கரத்தின் பின்னால் தாழத் தொடங்கிப் பின்பக்கம் வரை ஏறிப்போகும் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தபின் வேறு எந்தக் காரும் மனதில் நிற்கவில்லை.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஜப்பான் கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், பழைய சுசுகி வெகன் ஆர் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இது கிடைக்கிறது. அப்பா வெகன் ஆரை வாங்கச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் முடிவெடுக்கும் முன் இங்கே கேட்கிறேன்.

பார்த்தவரையில்: நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது. காலி வீதி நெரிசலில் நின்றபோது வெப்பமானி ஊசி மெல்ல ஏறியது. ஓடத் தொடங்கியதும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டைமிங் பெல்ட் மாற்றியதாக விற்பவர் சொல்கிறார், பற்றுச்சீட்டு இல்லை. சாவி ஒன்றுதான் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் வேறொருவரின் பெயர். அவர் கையெழுத்திட்ட ஓபன் பேப்பர் இருக்கிறதாம், பெயர் மாற்றுவது சுலபமாம்.

எதை எதைப் பார்க்க வேண்டும்? வாங்கினால் எவ்வளவு பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்?

நுகேகொடை 156

தம்பி, இதே எஞ்சின் உள்ள அல்ஃபா 156ஐப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறேன். நல்ல எஞ்சின். 1970 சிசி, 150 குதிரைவலு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஆனால் அது மன்னிக்காத விஷயங்கள் இரண்டு இருக்கின்றன: டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டை), எஞ்சின் ஓயில்.

பெல்ட்டை முதலில் சொல்கிறேன். ஆரம்பத்தில் 120,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று கம்பனி சொன்னது. அதற்கு வெகு முன்பே பெல்ட்டுகள் அறுந்ததால், 60,000 கிலோமீற்றர் அல்லது மூன்று ஆண்டு, எது முந்துகிறதோ அது என்ற கணக்குக்கு வந்தார்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதற்குப் பிறகு பேசுவது பழுதுபார்ப்பதைப் பற்றியல்ல, வேறு எஞ்சின் தேடுவதைப் பற்றி. உங்கள் கார் 118,000இல் நிற்கிறது, பற்றுச்சீட்டு இல்லை. அப்படியானால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மாற்றிய திகதியும் கிலோமீற்றரும் தெரியாத பெல்ட்டை நம்பி இந்த எஞ்சினை ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். அதோடு, எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குச் சிறிய பெல்ட் ஒன்றும் இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினாலும் முடிவு அதேதான். பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் ஒரே தடவையில் மாற்ற வேண்டியவை. பம்பின் உள்விசிறி உலோகத்தில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பிளாஸ்டிக் விசிறி நாளடைவில் உடைகிறது.

இந்த வேலைக்கு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் பூட்டி வைக்கும் கருவி வேண்டும். முதல் பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிக்க, பிளக் துவாரத்தினுள் டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்து அளக்க வேண்டும். வெள்ளைப் பெயின்டில் அடையாளம் போட்டு மாற்றிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் காரைக் கொடுக்காதீர்கள். காரைத் தேடும் முன் மெக்கானிக்கைத் தேடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. "பூட்டும் கருவி இருக்கிறதா, காட்டுங்கள்" என்று நேரே கேளுங்கள். இருப்பவர் எடுத்துக் காட்டுவார்.

அடுத்து, எஞ்சினைச் சூடாக்கி வைத்துக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. விடியற்காலை போங்கள். முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி சொல்லுங்கள். பொனட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில விநாடிகளுக்கு டீசல் எஞ்சின் போலக் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால், அது வேரியேட்டர். இன்லெட் கேமின் முனையில் இருந்து, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம். பயப்பட வேண்டியதில்லை, பெல்ட்டோடு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விலை பேச உதவும். சத்தம் அடங்காமல் அடியிலிருந்து தட்டுவது போலக் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அது தேய்ந்துபோன எஞ்சின் பெயரிங்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஓயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். இந்த எஞ்சின் ஓயில் குடிக்கும், அது அதன் சுபாவம். பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் அளவு பார்ப்பவரிடம் அது நீண்ட காலம் உழைக்கும். அளவு குறைந்தே ஓடிய எஞ்சினில் முதலில் போவது கொனெக்டிங் ராட் பெயரிங்தான்.

வெப்பமானியைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டு தனித்தனிப் பிழைகள் என்று நினைக்கிறேன். ஓட்டத்தில் ஊசி பாதிக்கும் கீழே இறங்குகிறதென்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது நம் ஊர் வழக்கப்படி யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூடான ஊருக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பல கராஜ்களில் இருக்கிறது, அது தவறு. நெரிசலில் ஊசி ஏறுவது ரேடியேட்டர் விசிறியின் குறைவேகம் வேலை செய்யாததால் இருக்கலாம். ஏசியைப் போடுங்கள். விசிறி உடனே மெல்லச் சுற்ற வேண்டும். சுற்றாமல் இருந்து, சூடு ஏறியபின் திடீரென்று முழுவேகத்தில் இரைந்தால், பெரும்பாலும் குறைவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கும். சிறிய பாகம்தான். ஆனால் பொரளையில் அரைமணி நேரம் நிற்கும் ஊரில் அதைச் சரிசெய்யாமல் ஓட்ட முடியாது.

கொட்டாஞ்சேனை அக்கா

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நிதி நிறுவனம் ஒன்றில் வாகனக் கோப்புகளைப் பார்த்தவள் என்ற முறையில் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். சான்றிதழில் பெயருள்ளவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அது கைமாறிக் கைமாறி உங்களிடம் வரும். இடையில் அவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், கையெழுத்துப் பொருந்தாமல் போகலாம். அப்போது பணம் கொடுத்தவர் நீங்கள், வாகனமோ சட்டப்படி இன்னொருவருடையது. பதிவு உரிமையாளரை நேரில் சந்தியுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். உங்கள் முன்னால் கையெழுத்திடட்டும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விவரம் எடுக்கலாம். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய இத்தாலியக் கார்களில் எஞ்சின் மாற்றியிருப்பது அபூர்வமல்ல. மாற்றியதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்தத் தலைவலி உங்களுக்கு வரும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இரண்டும் எந்தத் திகதி வரை என்றும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் நெடுநாள் புதுப்பிக்கப்படவில்லை என்றால் கார் அவ்வளவு காலமும் ஓடாமல் நின்றிருக்கலாம்.

தெமட்டகொடை

வெகன் ஆரை வாங்குங்கள். அப்பா சொல்வது சரி.

நுகேகொடை 156

தினமும் வேலைக்குப் போக ஒரே வாகனம் இதுதான் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். தம்பி, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை இளையவன்

வேலைக்கு ரயிலில்தான் போகிறேன் அண்ணா, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு. கார் வார இறுதிக்குத்தான். நின்றாலும் வேலை கெடாது.

பஞ்சிகாவத்தை நாநா

அப்படியென்றால் தைரியமாகப் பாருங்கள் தம்பி. பாகங்கள் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் பேட், பில்டர், பெயரிங், ஹோஸ், ரேடியேட்டர் வேலை எல்லாம் இங்கே நடக்கும். டயர் 205/50 R16, தாராளமாக இருக்கிறது. வாங்கும் முன் டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருந்தால் மழையில் பிடிக்காது.

எஞ்சின் பாகங்களைத் தேடும்போது ஜிடிவி என்று கேட்காதீர்கள், 156 டூ லீற்றர் ட்வின் ஸ்பார்க் என்று கேளுங்கள். எஞ்சின் குடும்பம் ஒன்றுதான், 156 இந்த ஊரில் கூடுதலாக வந்தது. சில பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பெல்ட் கிட், வேரியேட்டர், தெர்மோஸ்டாட் மூன்றையும் லண்டனில் உறவினர் இருந்தால் அங்கிருந்து எடுப்பது நல்லது. அங்கே வலப்பக்க ஸ்டீயரிங் ஜிடிவி நிறைய ஓடியது, பாகம் விற்பவர்களும் இருக்கிறார்கள். கிடைக்காதவை கண்ணாடி, முன்விளக்கு, பம்பர், உள்ளலங்காரம். அவை உடையாமல் இருக்கிறதா என்று எஞ்சினைவிடக் கவனமாகப் பாருங்கள். எஞ்சினைத் திருத்தலாம், முன்கண்ணாடியை எங்கே தேடுவது?

இன்னொன்று, சாவி. அந்தக் காலத்து அல்ஃபாவுடன் சிவப்புச் சாவி ஒன்று கொடுத்தார்கள். அன்றாடம் ஓட்ட அல்ல, புதிய சாவிகளைக் காருக்கு அறிமுகப்படுத்த. அதோடு கோட் எழுதிய அட்டையும் வரும். உங்களிடம் காட்டிய ஒரே சாவி தொலைந்து, சிவப்புச் சாவியும் இல்லையென்றால், கார் அசையாது. கேட்டுப் பாருங்கள்.

கல்கிசை தகரவேலை

கடலோரம் நின்ற கார் என்பதால் அடியைப் பாருங்கள். லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற தகட்டுப் பகுதி, பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஸ்பேர் டயர்க் குழி. காந்தம் கொண்டுபோனால் பொனட்டில் ஒட்டவில்லை என்று பதறாதீர்கள். ஜிடிவியின் பொனட் இரும்பல்ல, கலவைப் பொருள். மற்ற இரும்புத் தகடுகளில் ஒட்டவில்லை என்றால்தான் உள்ளே பட்டி பூசி அடிபட்டதை மறைத்திருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்றதா என்றும் பாருங்கள். 2016 மே மாதம் களனிக் கரையில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. இருக்கைத் தண்டவாளத்தின் திருகாணிகளில் துரு, காப்பெட்டின் அடியில் வண்டல், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் சேற்றுக் கோடு, இந்த மூன்றையும் யாரும் முழுமையாகக் கழுவுவதில்லை.

வெள்ளவத்தை இளையவன்

எல்லோருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு விடியற்காலை போய்ப் பார்த்தேன்.

பொனட் குளிர்ந்திருந்தது. ஓயில், கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் சற்றுக் கீழே நின்றது. ஒரு லீற்றர் வாங்கி ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கடகடவென்ற சத்தம் சில விநாடி வந்து சுத்தமாக அடங்கியது. அடியில் தட்டும் சத்தம் இல்லை. ஏசி போட்டால் விசிறி சுற்றவில்லை, ஊசி நன்றாக ஏறிய பிறகு ஒரே இரைச்சலாகச் சுற்றியது. அண்ணா சொன்னபடியேதான். லிஃப்டில் ஏற்றினோம். சில் சுத்தம், பின்பக்கம் சஸ்பென்ஷனில் இரண்டு ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது. வெள்ளத்தின் அடையாளம் ஒன்றும் இல்லை.

பதிவு உரிமையாளர் நீர்கொழும்பில் இருக்கிறார். தொலைபேசியில் பேசினேன். நேரில் வந்து கையெழுத்திடச் சம்மதித்தார். சிவப்புச் சாவியையும் அட்டையையும் தன் அலுமாரியில் வைத்திருக்கிறாராம், விற்பவர் கேட்காததால் கொடுக்கவில்லையாம். லீசிங் ஒன்றும் இல்லை, திணைக்கள விவரத்தில் பார்த்துவிட்டேன். எஞ்சின் இலக்கம் பொருந்துகிறது.

பெல்ட், வேரியேட்டர், புஷ், விசிறி எல்லாவற்றையும் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார். பூட்டும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை இராஜகிரியவில் கண்டுபிடித்துவிட்டேன். தெஹிவளையிலிருந்து அங்கே மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாமா?

நுகேகொடை 156

வேண்டாம். தட்டையான லொறியில் ஏற்றி அனுப்புங்கள். வேறு எஞ்சின் தேடும் செலவோடு பார்த்தால் அந்தக் கூலி ஒன்றுமில்லை. காப்புறுதியும் காரை எடுக்கும் முன்பே உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். குறைத்த விலைக்கும் முதலில் கேட்ட விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே வைத்திருங்கள். அதற்கு மேல் காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் ஆண்டில் அது செலவாகும், செலவாகாவிட்டால் இரண்டாம் ஆண்டில் செலவாகும். மெக்கானிக்கிடம் பெல்ட் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பெற்றோல் 95 மட்டும் அடியுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

நீர்கொழும்புக்காரர் கையெழுத்திடும் அன்றே பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள் தம்பி. மிச்சப் பணத்தையும் அன்றே, வங்கி மூலம், அவருடைய பெயர் குறிப்பிட்டே கொடுங்கள். இடையில் நிற்பவருக்குச் சேர வேண்டியதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

வெள்ளவத்தை இளையவன்

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். லொறிக்கும் சொல்லிவிட்டேன். லண்டனில் உள்ள சித்தப்பாவிடம் பெல்ட் கிட்டும் வேரியேட்டரும் கேட்டிருக்கிறேன். நாநா, தெர்மோஸ்டாட்டையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். பின் புஷ் மட்டும் உங்கள் பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் கிடைக்குமா?

பஞ்சிகாவத்தை நாநா

கழற்றியதைக் கொண்டு வாருங்கள் தம்பி, பார்ப்போம். பழையதை எறிந்துவிட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்.